ரயில் எண்ணிய கிழவியும் நான் நேர்ந்துகொண்ட முடியும்

முருகனிடம் நான் எத்தனையோ பேருக்காக வேண்டியிருக்கிறேன். மகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டியிருக்கிறேன், தம்பிக்குக் கால் எலும்பு கூட வேண்டியிருக்கிறேன், ஒரு தடவை நோய் கண்ட கன்றுக்குட்டிக்காகவும் வேண்டினேன். ஆனால் ஆகாய விமானத்திலிருந்து குதித்த ஓர் ஒற்றர் பெண்ணுக்காகத் தலைமுடியை நேர்ந்துகொண்டவள் இந்தத் தாமிரபரணிக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிடும். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனால் கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை காதில் விழுந்தது போதும், அப்படியே நிற்கும்.

எங்கள் தெருவில் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார்கள். என் ஜன்னல் பெரியது, பாபநாசம் சாலையைப் பார்த்தது. வெளிச்சத்துக்கு வெளிச்சம், வேடிக்கைக்கு வேடிக்கை. மடியில் தட்டு, அதில் வெட்டிய இலையும் புகையிலைத் தூளும், விரலில் நூல். கை பாட்டுக்கு வேலை செய்யும். காதுதான் சும்மா கிடக்கும். அந்தக் காதுக்கு வேலை கொடுக்கிறவள் அடுத்த வீட்டு மருமகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், கணீரென்ற குரல். அவள் வாசிப்பாள், அவள் சுற்ற வேண்டிய பீடியை நாங்கள் சுற்றி அவள் தட்டில் போடுவோம். இது எங்கள் வழக்கம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கதை தொய்ந்துபோனால் அவள் தட்டில் பீடி விழுவதும் குறையும். கதை சூடுபிடித்தால் எங்கள் கை அப்படியே நின்றுபோகும், அப்போதும் விழாது. பாவம், அவள் நடுவாந்தரமாக வாசித்தால்தான் பிழைக்க முடியும். ஆனால் அவளுக்கு நடுவாந்தரம் என்றால் என்னவென்றே தெரியாது.

ராஜா ராணி கதை அவளுக்குப் பிடிக்காது. குடும்பக் கதையைக் கண்டாலே முகம் சுளிப்பாள். "அது நம்ம வீட்டுலயே ஓடுது அத்தை, புஸ்தகத்துல வேற எதுக்கு?" என்பாள். கிளை நூலகத்துக்குப் போனால் யுத்தம், ஒற்றர், ரகசியம் என்று போட்டிருக்கிற புத்தகமாகப் பார்த்துத்தான் எடுத்து வருவாள். அப்படித்தான் எங்கள் முன்னறையில் குண்டு வெடித்தது, கப்பல் முங்கியது, மந்திரிகள் காட்டிக்கொடுத்தார்கள். உலகத்தில் எந்த ஊரில் யார் யாரை வேவு பார்த்தார்கள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் அத்துப்படி.

அந்தத் தடவை இரண்டு புத்தகம் எடுத்து வந்தாள். காலையில் ஒன்று, சாப்பிட்டு வந்தபின் ஒன்று என்று மாற்றி மாற்றி வாசித்தாள். இரண்டுக்கும் நூலகத்துக்காரர்கள் ஒரே காக்கி அட்டைதான் போட்டுத் தைத்திருந்தார்கள். முன்னுரை என்று ஒன்று இருந்திருக்கும். ஆனால் முன்னுரையை வாசித்தால் பீடி போடமாட்டோம் என்று அவளிடம் எப்போதோ கறாராகச் சொல்லிவிட்டோம். எங்களுக்கு நேரே விஷயத்துக்கு வர வேண்டும்.

காலைப் புத்தகத்தில் இரண்டாம் உலக யுத்தம். எதிரி பிடித்துவைத்திருக்கும் ஒரு பட்டணம். இருட்டில் ஒரு சின்னப்பெண் விமானத்திலிருந்து குடையைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். குடை மரத்தில் மாட்டிக்கொள்கிறது. அறுத்து இறக்கி, வெறும் கையால் மண்ணைத் தோண்டிப் புதைக்கிறாள். பிறகு ரொட்டிக் கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் ஒளித்துவைத்த கருவியால் டக் டக்கென்று தன் நாட்டுக்குச் சேதி அனுப்புகிறாள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்க எதிரியின் வண்டி தெருத்தெருவாகச் சுற்றுகிறது. வண்டி அவள் தெரு முனைக்கு வந்து நின்றபோது எங்களில் ஒருத்தி கையும் அசையவில்லை.

மத்தியானப் புத்தகத்தில் அதற்கும் முந்தைய உலக யுத்தம். அங்கேயும் எதிரி பிடித்த நாடுதான். ரயில் பாதை ஓரத்து வீட்டில் ஒரு கிழவி. ஜன்னலில் உட்கார்ந்து கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டே இருக்கிறாள். சிப்பாய்கள் ஏறிய ரயில் போனால் பின்னலில் ஒரு முடிச்சு, பீரங்கி ஏற்றிய ரயில் போனால் ஓர் ஓட்டை. பின்னி முடித்ததை யாரோ வந்து வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போவார்கள். அவ்வளவுதான். குதிப்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை.

என் சம்பந்தி சிரித்தாள். என் மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் அம்மா அவள். எதிர்வீடு. என் மகள் அவள் வீட்டில் இருப்பதால் அவளிடம் ஓரளவுக்கு மேல் சண்டை போட முடியாது. அந்த அளவு வரை விடாமல் போடுவேன்.

"ஆமா, ஒரு கிழவி சன்னல்ல உக்காந்து பின்னுதாளாம், ரயில எண்ணுதாளாம், அத வச்சு பட்டாளத்தையே சாய்ச்சுட்டாவளாம். எழுதுனவன் பீடியக் குடிச்சிட்டு எழுதிருப்பான்."

"பீடி இல்ல மைனி, கஞ்சாவாக்கும்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். வாசித்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். தட்டில் பீடி விழாத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டில் எது நிஜம், எது கதை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்கே தெரியுமே! இரண்டாம் யுத்தம் நிஜம்தான். அந்தக் காலத்தில் அரிசிக்குப் பட்ட பாட்டையும், பர்மாவிலிருந்து கால்நடையாகவே ஊர் வந்து சேர்ந்த ஆட்களையும் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். யுத்தம் நிஜமென்றால் அந்தப் பெண்ணும் நிஜம். கிழவி விஷயம் யாரோ பொழுதுபோகாமல் எழுதிவைத்தது.

அந்தப் பெண் பிடிபட்டது ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி. கடையில் ஏதோ பொட்டலம் வாங்கினாள். கட்டு தளர்ந்திருக்கிறது என்று அவளே நூலைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். கட்டினது அவள் சொந்த நாட்டு முடிச்சு. பக்கத்தில் நின்ற ஒருவன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஐயோ, கை!" என்று கத்தினாள் சம்பந்தி. "நூலக் கண்டா கை சும்மா இருக்காது மைனி. பாவி மட்ட, கட்டாமப் போயிருக்கக் கூடாதா?"

வீடு வரை பின்னாலேயே வந்து, மாடி ஏறி, கதவை உடைத்து, அவளை வண்டியில் ஏற்றினார்கள். அந்த இடத்தில் அடுத்த வீட்டு மருமகள் புத்தகத்தை மூடினாள். அன்றைக்குப் பீடிக்கடையில் சீக்கிரமே சரக்கு எடுத்துக் கணக்கு முடிக்கிற நாள்.

"ஏளா, அந்தப் புள்ளய அவனுவ கையில விட்டுட்டா புஸ்தகத்த மூடுத? ஒரே ஒரு பக்கம் வாசி."

"ஒரு பக்கம்னுதான் சொல்லுவிய அத்தை. அப்புறம் இன்னொரு பக்கம்பிய. கடைய அடைச்சிட்டான்னா பீடிய நானா குடிக்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். என் முடியைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். நரைத்திருக்கிறதே தவிர அடர்த்தி குறையவில்லை. ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறையில் உலர்த்தினால் இன்றும் இளவட்டப் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

"முருகா, அந்தப் புள்ளய அங்கனேருந்து பத்திரமா வெளிய கொண்டாந்திரு. இந்த முடிய உனக்குத் தாறேன்" என்றேன். மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"உங்களுக்கென்ன கிறுக்கா மைனி?" என்றாள் சம்பந்தி. "அந்தப் புஸ்தகம் அச்சாகி எந்தக் காலமோ! அவ செத்தாளோ பொழைச்சாளோ, அது அப்பவே முடிஞ்சுபோச்சு. இப்ப போயி முருகன் என்னத்தச் செய்வான்?"

"முருகனுக்கு அப்பவும் இப்பவும் ஒண்ணுதான். நீங்க உங்க பீடியச் சுத்துங்க."

அடுத்து வந்த நாட்களைப் போல நான் வாழ்ந்ததே இல்லை. சிறையில் அவளை அடித்தார்கள், வாயைத் திறக்கவில்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போது வானத்திலிருந்து குண்டு விழுந்து சாலை பிளந்தது. வண்டி கவிழ்ந்தது. அவள் ஓடினாள். ஆற்றில் விழுந்தாள். குளிர்ந்த தண்ணீர், பின்னால் நாய்கள், அக்கரையில் விளக்கு. நான் என்னையறியாமல் கால் இரண்டையும் நீச்சலடிக்கிற மாதிரி உதைத்து, தூள் முழுவதையும் தரையில் கொட்டிவிட்டேன். அவள் அக்கரையில் கை ஊன்றி ஏறியபோது முன்னறையில் எழுந்த குலவைச் சத்தத்தில் சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்.

அன்றைய பீடியைக் கடையில் தரம் பார்க்கிறவர் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "என்ன ஆச்சி, எல்லாம் வாழைப்பூ கணக்கா விரிஞ்சி கிடக்கு?"

"ஒரு புள்ள உசிரு பொழைச்சிருக்கு. பீடி விரிஞ்சா விரியுது போவே" என்றேன். தெருவுக்கெல்லாம் சில்லுக்கருப்பட்டி வாங்கிக் கொடுத்தேன்.

திருச்செந்தூர் போக நாள் பார்த்தாகிவிட்டது. அப்போதுதான் அடுத்த வீட்டு மருமகளிடம் கேட்டேன்.

"ஏளா, அந்தப் புள்ள இப்ப இருந்தா நல்ல கிழவியா இருப்பா, இல்லையா? எந்த ஊர்ல இருக்கான்னு அதுல போட்டிருக்கா? கோயில்ல பன்னீர் இலை விபூதி வாங்கித் தபால்ல அனுப்பணும்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"அத்தை... அது நாவல்லா?"

"நாவல்னா?"

"எழுதுனவரு மனசுல உண்டாக்குன கதை. அப்படி ஒரு புள்ளயே கிடையாது."

"சண்டை நிஜமாச்சே!"

"சண்டை நிஜம். பட்டணம் நிஜம். புள்ளதான் பொய்."

"அப்பம் மத்தியானம் வாசிச்சியே, அந்தக் கிழவி?"

"அவதான் நிஜம் அத்தை. அது சரித்திரப் புஸ்தகம். அந்தச் சண்டையில அப்படி எத்தனையோ பொம்பளைய சன்னல்ல இருந்து ரயில எண்ணிருக்காவ. எல்லாம் முன்னுரையிலயே இருந்துது. நீங்கதான் வாசிக்க விடல."

பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த சம்பந்தி தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பால்காரர் வாசலில் நின்று, "என்ன ஆச்சி, பொறக்காத புள்ளைக்கு மொட்டையாமே?" என்றார். "பாலுல தண்ணியக் குறையும், பொறவு பேசலாம்" என்றேன்.

என் மகள் வந்து உட்கார்ந்தாள். அடுத்த மாதம் என் தம்பி மகனுக்குக் கல்யாணம். அத்தை முறைக்கு நான்தான் முன்னால் நிற்க வேண்டும்.

"யம்மா, படம் பிடிப்பாவ, வீடியோ எடுப்பாவ. பொண்ணு வீட்டுக்காரவ யாருக்கு நேர்ந்ததுன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? இல்லாத ஒருத்திக்கு நேர்ந்தது சேராதும்மா. மனசு கேக்கலைன்னா பூமுடி குடு. நுனியில கொஞ்சம் நறுக்குனாப் போதும். முருகன் ஏத்துக்கிடுவான்."

முடியின் மேல் எனக்கு ஆசை இல்லையென்றால் அது பொய். பூமுடி என்றதும் மனதுக்குள் ஒரு பக்கம் குளுகுளுவென்றுதான் இருந்தது. அதற்காகவே எனக்கு என்மேல் எரிச்சலும் வந்தது.

மறுநாள் முன்னறை கூடியதும் கேட்டேன். "அந்தக் கிழவியத் திரும்ப வாசி. முன்னுரையிலேருந்து வாசி."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதே வரிகள்தான். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே எதிரிச் சிப்பாய் காவல் நிற்கிறான். அவளைப் பார்க்கிறான். கிழவி, கையில் நூல், ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கண் முன்னாலேயே அவள் முடிச்சுப் போடுகிறாள்! பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். தெரிந்தே அடுத்த நாளும் ஜன்னலில் வந்து உட்காருகிறாள். விமானத்திலிருந்து குதிப்பதற்கு ஒரு நிமிஷ தைரியம் போதும். இதற்கு?

"அவ பேரென்ன?" என்றேன்.

"பேரு போடல அத்தை. யாருக்கும் தெரியாதாம்."

"கடைசியில என்ன ஆனா? பிடிச்சிட்டானுவளா?"

"அதுவும் போடல."

சாயங்காலம் தட்டுகளை ஒதுக்கும்போது சம்பந்தி தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். பீடிகள் வரிசையாக இருந்தன. அங்கங்கே சில பீடிகள் மட்டும் தலைகீழாக, சில குறுக்காக.

"இதென்ன மைனி கோலம்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தலைகீழா இருக்கது பாபநாசம் போன பஸ்ஸு. குறுக்க இருக்கது திருநெல்வேலி போன பஸ்ஸு. நீங்க ஒருத்தராவது கவனிச்சியளா?"

யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த நானும் கவனிக்கவில்லை! முன்னறையே கலகலத்துப்போய்விட்டது. அடுத்த நாள் நாங்கள் அத்தனை பேரும் ஒற்றர்கள். ஒருத்தி மணல் லாரியை எண்ணினாள், ஒருத்தி போலீஸ் ஜீப்பை. கடையில் தரம் பார்க்கிறவர், "ஏன் ஆச்சி கட்டுக்குள்ள பீடி தலைகீழா வருது?" என்று கேட்டதும், நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. சிறையில் அந்தப் பெண் இருந்த மாதிரி.

அன்றைக்குத்தான் எனக்கு மனம் தெளிந்தது. நான் வேண்டிக்கொண்டபோது அந்தப் பெண் கதை என்று எனக்குத் தெரியாது. உயிர் என்று நினைத்துத்தான் வேண்டினேன். அவள் வெளியே வர வேண்டும் என்றேன், வந்தாள். நான் பட்ட துடிப்பும் நிஜம், அவள் கரையேறியபோது பட்ட சந்தோஷமும் நிஜம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஆள் இல்லை என்று முருகனிடமே சட்டம் பேசுவது என் குணத்துக்கு ஒத்துவராது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் நேர்ந்தது முழு முடி. முழுசாத்தான் குடுப்பேன். கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரவ கேட்டா என்கிட்ட அனுப்பு, நான் சொல்லிக்கிடுதேன்." அவள் கோபித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி, "எனக்கென்ன, எப்படியும் போம்மா" என்றாள்.

திருச்செந்தூருக்குத் துணையாக வந்தது சம்பந்திதான். நான் கூப்பிடவில்லை, விடிந்ததும் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கோயிலில் நல்ல கூட்டம். முடி எடுக்கும் மண்டபத்தில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் தடவிய ஆள் இளவயதுக்காரர். என் முடியைக் கையில் அள்ளிப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்.

"முழுசாவா ஆச்சி?"

"முழுசாத்தான்."

"யாருக்கு நேர்ந்துது? பேரப்புள்ளைக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டாள். "எதிரிநாட்டு ஜெயில்லேருந்து ஒரு ஒற்றர் புள்ள தப்பிச்சு வந்துதுல்லா, அதுக்கு."

அவர் கத்தி நின்றது. "நம்ம ஊருப் புள்ளயா?"

"ஆமா. எங்க முன்னறையிலதான் வளந்தா" என்றாள் சம்பந்தி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அதன்பிறகு அவர் என் தலையை மிகவும் மரியாதையாகச் சிரைத்தார். முடி மடியில் கற்றை கற்றையாக விழுந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கடற்காற்று தலையில் பட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்து, எழுந்து ஓடலாம் போலிருந்தது.

நான் எழுந்த பலகையில் சம்பந்தி உட்கார்ந்துகொண்டாள். மடியில் இன்னொரு சீட்டு வைத்திருந்தாள்.

"என்ன மைனி இது?"

"அந்தக் கிழவியப் பாத்து நாந்தான முதல்ல சிரிச்சேன்? அவளுக்குன்னு யாரும் ஒண்ணும் செய்யலையே." பிறகு அந்த ஆளிடம் திரும்பினாள். "பூமுடியெல்லாம் வேண்டாம் எய்யா. என்கிட்ட இருக்கதே எலிவாலு. அதுல நறுக்குனா முருகனுக்கு என்ன தெரியப்போவுது? பூராத்தையும் எடு."

கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது மகள் போன் பண்ணினாள். எடுத்துவிட்டாயா என்று கேட்டாள். எடுத்துவிட்டேன், உன் மாமியாரும் எடுத்துவிட்டாள் என்றேன். அவள் பையக் கேட்டாள்.

"யம்மா, அந்தக் கிழவி பிடிபட்டாளா இல்லையான்னு புஸ்தகத்துல நிஜமாவே போடலையா?"

"போடல, ஏளா."

சம்பந்தி போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பிடிபட்டிருக்க மாட்டா, கேட்டியா? சன்னல்ல இருக்க கிழவிய எவன் பாக்கான்?" என்று கத்தினாள். சந்நிதித் தெருவில் அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.